சாக்ஸை நம்பிய வீடும் ஒரு ஹீட் பம்ப்பும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. தேவாலய விருந்தில் நான் சொன்ன கதைப்படி எங்கள் சமையலறையில் புயலடித்தது, பூனை உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. எங்களிடம் பூனை கிடையாது.

"நடந்ததை நடந்த மாதிரி ஒரு தடவை எழுதிப் பாரு எல்டன். அந்த அனுபவமும் உனக்குக் கிடைக்கட்டும்" என்றாள் என் மனைவி வெல்மா. எழுத எழுத அவள் பென்சிலால் திருத்திக்கொண்டே பின்னால் வருகிறாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு, அட்லாண்டிக்கை எதிர்த்துக் கம்பீரமாக நிமிர்ந்து"

வேண்டாம். வீடு கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

இரண்டாம் முயற்சி: "அன்று வீட்டுக்குள் இருந்த குளிரில் வெண்ணெயை வெட்டிய கத்தி வளைந்து" (பென்சில்: வளையவில்லை.)

சரி, நேராகவே வருகிறேன். வெல்மாவுக்கு மூட்டுவாதம். குளிர் வந்தால் விரல்கள் மடங்காது. போன வருடம் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் படுத்தாள். இந்த செப்டம்பரில் சொல்லிவிட்டாள்:

"இந்தத் தடவையும் கோட்டோட படுக்கணும்னா ஹாலிஃபாக்ஸுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஏப்ரல்ல வந்து நீ உயிரோட இருக்கியான்னு பாக்கறேன்."

நாற்பத்தாறு வருடத்தில் அவள் இல்லாமல் நான் ஒரு குளிர்காலத்தைக் கழித்ததில்லை. (இந்த வரியில் பென்சில் படவில்லை.)

வெளிக்காற்றிலிருந்து சூட்டைப் பிடித்து வீட்டுக்குள் விடும் ஹீட் பம்ப் எங்கள் தெருவில் எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. எங்கள் கிழட்டு வீட்டுக்கு அது சரிப்படுமா என்று சோதித்துச் சொல்ல ஒருவரை வரவழைத்தோம்.

3

அவர் பெயர் டாரா. முதல் வரைவில் ஆறரை அடி உயரமும் பருந்துப் பார்வையும் கொடுத்திருந்தேன். நிஜத்தில் குள்ளம், ஜலதோஷம், நல்ல மனுஷி. வில்லன் பதவி காலியாகிவிட்டதால் அதையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று.

போனிலேயே விளக்கினார். "வாசல்ல பெரிய ஃபேன் மாட்டி வீட்டுக் காத்தை வெளிய இழுப்பேன் சார். அப்ப எந்த ஓட்டை வழியா குளிர்காத்து உள்ள வருதுன்னு தெரிஞ்சிடும். விறகு அடுப்புச் சாம்பலை மட்டும் முன்னாடியே அள்ளிடுங்க."

என் காதில் விழுந்தது 'சோதனை' என்ற சொல் மட்டும். எங்கள் கார்க்கம் குடும்பத்தில் யாரும் எந்தச் சோதனையிலும் தோற்றதில்லை. (பென்சில்: கார் லைசென்ஸ், மூன்று தடவை.)

இலையுதிர்காலம் வந்தால் கரையில் ஒதுங்கும் கடற்புல்லை அள்ளி வந்து வீட்டைச் சுற்றி, அடிச்சுவர் மறைய அணைத்து வைப்போம். காற்று புகாது. இந்த வருடம் உள்ளேயும் வைத்தேன். பலகை இடுக்கு, ஜன்னல் சட்டம் ஒன்றையும் விடவில்லை. புல் தீர்ந்ததும் பதினேழு ஜோடி கம்பளி சாக்ஸ். (பென்சில்: பதினொன்று. அத்தனையும் என்னுடையவை.)

4

ஃபேன் சுழன்றது. அரை நிமிடம் என் வீடு பாறை போல நின்றது. நான் மீசையைத் தடவினேன்.

பிறகு ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு சாக்ஸ் தக்கை போலத் தெறித்து டாராவின் காதோரம் பறந்தது. அடுத்து இன்னொன்று. நாலு சுவரிலிருந்தும் கடற்புல் பிய்த்துக்கொண்டு கிளம்பியது, கூடவே ஒரு குட்டி நண்டு. (பென்சில்: நண்டு நிஜம். இன்னும் அகப்படவில்லை.) அப்போது அடுப்பின் கதவு படபடத்தது. டாரா போனில் சொன்ன கடைசி வாக்கியம் எனக்கு அந்தக் கணத்தில்தான்

ஃபேனை அணைத்தபோது நாங்கள் மூவரும் ஒரே சாம்பல் நிறம்.

டாரா கண்ணாடியைத் துடைத்தார். "இதெல்லாம் யாரோட சாக்ஸ் சார்?"

"பழைய வீடும்மா. எலி ஏதாவது இழுத்துட்டு வந்து வெச்சிருக்கும்."

"ஜோடி ஜோடியாவா?"

வெல்மா சிரிக்கவில்லை. அதுதான் கவலையாக இருந்தது.

"நான் மார்க் போட வரலை சார். ஓட்டையெல்லாம் தெரிஞ்சாத்தான் எந்த அளவு பம்ப்புன்னு சொல்ல முடியும். சாக்ஸை நம்பிச் சின்னதா போட்டிருந்தா, பிப்ரவரியில விறைக்கப் போறது நீங்க இல்ல. இவங்க."

வெல்மாவின் விரல்களைப் பார்த்தேன். இங்கே ஓர் அழகான உவமை வர வேண்டும். வரவில்லை.

5

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி சோதித்தார். எல்லா ஓட்டைகளையும் சேர்த்தால், ஒரு ஜன்னலைக் குளிர்காலம் முழுக்கத் திறந்து போட்டதற்குச் சமம். (நான் மாட்டுக்கொட்டகைக் கதவு என்று எழுதியிருந்தேன். திருத்தப்பட்டது.)

"பம்ப் இந்த வீட்டுக்குப் பொருந்தும்" என்றார் டாரா. "ஆனா முதல்ல ஓட்டையை ஒழுங்கா அடைங்க, சூடு மேல தப்பிக்காம பரண்ல பஞ்சு போடுங்க. இப்ப இருக்கிற எண்ணெய் ஹீட்டரைக் கழட்டிடாதீங்க, கடுங்குளிருக்குத் துணையா இருக்கட்டும்."

வெல்மா அன்றே அக்காவுக்குப் போன் போட்டாள். வேலை முடிகிறதா என்று பார்த்துவிட்டு, தான் அங்கே வருவதா வேண்டாமா என்பதை நவம்பர் கடைசியில் சொல்கிறாளாம்.

6

முடிவு அ: வேலை முடிவதற்குள் பனி விழுகிறது. வெல்மா பஸ் ஏறுகிறாள்.

முடிவு ஆ: ஜனவரி. வெல்மா அரைக்கை சட்டையில் உட்கார்ந்து, புழுங்குகிறது என்று என்னைத் திட்டுகிறாள்.

முடிவு இ: நண்டு

"இதுல எது?" என்றாள் வெல்மா, தோளுக்குப் பின்னாலிருந்து.

"நல்ல எழுத்தாளன் அதை வாசகர்கிட்ட விட்டுடுவான்."

"வாசகர் வந்து பரண்ல பஞ்சு போடுவாரா?"

யோசித்தேன். நீங்கள் வருவதாகத் தெரியவில்லை. இன்றைக்கு நவம்பர் ஒன்பது. இதை எழுதியே நான்கு நாட்களைத் தின்றுவிட்டேன்.

ஆகவே அ, இ இரண்டையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், விருப்பம்போல வளர்த்துக்கொள்ளுங்கள். ஆ-வைத் தொடாதீர்கள், அது எனக்கு வேண்டும். பஞ்சு மூட்டைகள் வந்துவிட்டன. வெல்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறாள், மீதியை நான்