கேமரா நின்ற பக்கம்

முதல் பந்து வலையில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தாள். அவர்களுடைய ஏழாம் எண்காரி வலப்பக்கமாக விலகி, காலியான வலைக்குள் பந்தை நிதானமாகத் தள்ளிவிட்டுப் போனாள். இடப்பக்கம் பாயச் சொன்னது நான்.

கல்லூரி மகளிர் ஹாக்கி இறுதிப் போட்டி. ஆட்ட நேரம் முடிந்தும் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றதால் ஷூட்-அவுட். அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கு எட்டு வினாடி, எதிரில் கோல்கீப்பர் மட்டும். எதிரணியில் யார் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று வீடியோ பார்த்துக் குறித்துக் கொடுப்பது, கோல்கீப்பர் பயிற்சியாளரான என் வேலை. எங்கள் கீப்பருக்குச் செல்லப்பெயர் 'கேட்டு'. சாத்தினால் சாத்தினதுதான். நான் கொடுத்த சீட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஒட்டி வைத்திருந்தாள்.

எப்போதும் கோலுக்குப் பின்னால் நின்றுதான் படமெடுப்பேன். திரையில் இடம் என்றால் கீப்பருக்கும் இடம். நேற்று அவர்களுடைய அரையிறுதியின்போது அங்கே வேலி பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்முனைக்குப் போய் ஜூம் செய்து எடுத்தேன், அங்கிருந்து பார்த்தால் கீப்பரின் வலம் திரையில் இடமாகத் தெரியும். எழுதும்போது அது சுத்தமாக மறந்துபோய், திரையில் பார்த்தபடியே எழுதிவிட்டேன். ஒருத்தியின் முகமும் தெரியவில்லை, முதுகு எண்கள்தான் பளிச்சென்று தெரிந்தன. அப்போதாவது இந்த மரமண்டையில் ஏறியிருக்க வேண்டாமா? ஐந்தும் தலைகீழ்.

"என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்ல சார்."

தலைமைப் பயிற்சியாளர் என் கூடப்பிறந்தவன். மைதானத்தில் சார், வீட்டில் அண்ணா. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே உடற்கல்வித் துறையில் 'தங்கச்சி கோட்டா' என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அடக்கவே இரண்டு வருடமாக மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் வருகிறேன். வேலை நிரந்தரமா என்று அடுத்த வாரம் முடிவாகும். இப்போது வாயைத் திறந்தால், அவர்கள் சிரித்தது சரியென்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

எங்கள் முதல் ஆள் கோல் போட்டாள். பெஞ்சே எழுந்து குதித்தது, நானும் ஒப்புக்குக் கை தட்டினேன். இரண்டாவது பந்துக்கு முன் கேட்டு பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மறுபடி தவறான பக்கம். மறுபடி கோல்.

அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"சார், சீட்டு தப்பு. எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டேன். இடம்னு இருந்தா வலம்."

அண்ணனின் முகம் செத்துவிட்டது. "எப்ப தெரிஞ்சது?"

"இப்பதான்."

"இங்கேருந்து கத்தினா அவங்களுக்கும் கேக்கும். கோட்டைத் தாண்டினா வெளிய அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்."

ஓடினேன். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் வந்தார். எங்கள் இரண்டாவது ஆள் பந்தைத் தவறவிட்ட கூச்சலுக்கு நடுவே, கேட்டுவின் ஹெல்மெட்டுக்குள் வாயை வைக்காத குறையாகச் சொன்னேன். "எல்லாம் தலைகீழ். தப்பு என்னோடது. மாத்திப் பாய்."

மஞ்சள் அட்டையோடு என்னை உடைமாற்றும் அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னல் கூரையை ஒட்டி இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். எங்கள் பக்கத்துக் கூச்சல், அவர்கள் பக்கத்துக் கூச்சல், எங்கள் பக்கம், அவர்கள் பக்கம். கடைசியில் அவர்கள் பக்கம் எழுந்த கூச்சல் அடங்கவே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு அழுத கண்களோடு பெண்கள் வந்தார்கள். இரண்டுக்கு ஒன்று. கேட்டு மீதி மூன்றையும் தடுத்துவிட்டாள், எங்களவர்கள்தான் அதற்குப்பின் ஒன்றும் போடவில்லை. அந்த இரண்டாவது பந்து மட்டும் நின்றிருந்தால் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

கேட்டு என் எதிரில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அண்ணன் கதவருகே நின்றான்.

"மூணும் நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சுக்கா." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ரெண்டாவது பந்துக்கு முன்னாடி உங்களைப் பாத்தேன். நீங்க தலையாட்டினீங்க. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். இல்லை என்று நான் சொன்னால் அவளும் நம்புவாள், அவனும் நம்புவான்.

"தெரியும்" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் அவளுடைய கால் பேடுகளின் வார்களை நான்தான் அவிழ்த்துவிடுவேன். அவிழ்க்கக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.