கட்டுக்கம்பி

லா பாஸுக்கு மேலே உள்ள எல் ஆல்டோவில் என் அண்ணன் எலோயின் வாடகை வண்டிக்கு 'அடுப்பு' என்று பெயர். கேலியாக வைத்த பெயர் இல்லை. ஜூன் மாதக் குளிர்காலத்தில் அந்த மேட்டில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும். அப்போது வரிசையில் நிற்கும் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு ஜனங்கள் அண்ணன் வண்டியைத் தேடி வந்து ஏறுவார்கள். அதன் ஹீட்டர் நிற்கவே நிற்காது. குமிழை நீலப் பக்கம் தள்ளினாலும் சிவப்புப் பக்கம் தள்ளினாலும் ஒரே சூடுதான். முன்னால் உட்கார்ந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிக்கொண்டு வருவார்கள்.

ஜப்பானில் ஓடித் தேய்ந்து, சிலியின் துறைமுகம் வழியாக இங்கே வந்து, வேறொருவர் ஓட்டிய பிறகு அண்ணனிடம் சேர்ந்த வண்டி அது. ஜப்பானில் ஸ்டீயரிங் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். அதனால் ஏதாவதொரு கொட்டகையில் முன்பக்கத்தைப் பிளந்து, ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொண்டுவந்து பொருத்தி விற்பார்கள். இப்படித் திருப்பிய வண்டிகளில் எதுவும் அதனதன் இடத்தில் இருக்காது. விளக்கைப் போட்டால் மழைத் துடைப்பான் ஆடும். கதவுப் பூட்டு தலைகீழாகத் திறக்கும். வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் எங்கள் ஆட்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: "திருப்பினப்போ ஆயிருக்கும்." அதற்குமேல் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

அந்த வருடக் கார்னிவலுக்கு அண்ணன் வண்டியோடு எங்கள் காலனிக்கு இறங்கி வந்தார். நானும் க்ரோவரும் கல்யாணமானதும் மலைக்குக் கீழே காப்பித் தோட்டம் போட்டுக் குடியேறிய ஊர் அது. பிப்ரவரி மழை விடாமல் பெய்தது. செவ்வாய்க்கிழமை வழக்கப்படி வண்டிக்கும் வீட்டுக்கும் சாராயம் தெளித்து, வண்ணக் காகித நாடாக்களைச் சுற்றிக் கட்டினோம். க்ரோவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வலி. திருவிழா வயிறு என்று எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அண்ணன்தான் அவனுக்கு மூலிகைத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை காலையில் அவன் உடம்பு கொதித்தது. வலி திடீரென்று குறைந்துவிட்டது என்றான். நான் சந்தோஷப்பட்டேன். சுகாதார நிலையத்து நர்ஸ் லூர்தெஸ் சந்தோஷப்படவில்லை. அவன் வயிற்றை மெதுவாக அழுத்தி, சட்டென்று கையை எடுத்துப் பார்த்தாள். குடல்வால் வெடித்துவிட்டது, இன்றைக்கே லா பாஸுக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்து கழுவ வேண்டும், நாளைக்கு என்றால் கொண்டுபோயும் பயனில்லை என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். நிலையத்து ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக்காரியை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. இருந்தது அடுப்பு ஒன்றுதான்.

பின்சீட்டில் அவன் தலையை என் மடியில் வைத்துப் படுக்கவைத்தோம். காகித நாடாக்கள் மழையில் ஊறி, கண்ணாடியில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் விட்டுக்கொண்டிருந்தன. அவிழ்க்க நேரமில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் சும்மா உட்கார்ந்தாலே வேர்க்கும். அதற்குள் அந்த ஹீட்டர். முன்சீட்டுக்கு அடியிலிருந்து சூடான காற்று நேராகப் பின்பக்கம் வந்தது. ஜன்னலை இறக்கினால் கொஞ்சம் ஆறும். சேற்று நீர் உள்ளே அடிக்கும். க்ரோவர் சட்டையைக் கழற்றச் சொன்னான். பிறகு தண்ணீர் கேட்டான். வாயில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்று லூர்தெஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். துணியும் சூடாகிவிட்டது.

ஏற்றம் தொடங்குகிற யோலோசாவில், பொரித்த மீன் விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில் அவன் கையைத் தூக்கினான்.

"மச்சான், என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா, இல்ல பன்னி வறுவலாச் சந்தைக்குக் கொண்டு போறியா?"

அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். அதுவரை அந்த ஹீட்டரை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அதுதான் அவருடைய பிழைப்பு. குமிழை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தார். ஸ்டீயரிங் பக்கத்து முன்பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். குமிழிலிருந்து போகும் கம்பி வழியிலேயே அறுந்து எதிலும் சேராமல் தொங்கியது. விசிறியின் ஃப்யூஸைப் பிடுங்கினார். விசிறிச் சத்தம் நின்றது, சூடு நிற்கவில்லை. பிறகு பானெட்டைத் தூக்கினார். அதைத் தாங்கும் கம்பி எப்போதோ தொலைந்துபோனதால் நான் இறங்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எஞ்சினிலிருந்து கொதிநீரை வண்டிக்குள் கொண்டுபோகும் ரப்பர் குழாயில் ஒரு சின்ன வால்வு இருந்தது. அதன் கைப்பிடியை முழுக்கத் திறந்த நிலையில் வைத்து, கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கியிருந்தார்கள்.

"பாத்தியா பெனிதா? திருப்பினப்போ ஆயிருக்கும். கம்பி எட்டலன்னதும் சோம்பேறிப் பசங்க கட்டிவிட்டுட்டுப் போயிட்டானுங்க," என்றார் அண்ணன். இடுக்கியால் முறுக்கைப் பிரித்து வால்வை மூடினார். கம்பியைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. நல்ல கம்பி, எதற்காவது ஆகும் என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கொஞ்ச தூரத்துக்குள் வண்டி குளிர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஈர இலை வாசனையோடு காற்று வந்தது. "இப்பதான் இது மனுசன் ஏறுற வண்டி," என்று சொல்லிக் கண்ணை மூடினான் க்ரோவர். அவன் நெற்றிச் சுருக்கம் கலைந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். லா பாஸ் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று நான் முழுதாக நம்பியது அந்த ஏற்றத்தின் முதல் பகுதியில்தான்.

புதிய சாலை வருவதற்கு முந்தைய காலம் அது. பழைய பாதையில் ஏறுகிற வண்டி மலைச்சுவரை ஒட்டியும் இறங்குகிற வண்டி பள்ளத்தை ஒட்டியும் போக வேண்டும். இரண்டு வண்டி அகலம் பல இடங்களில் கிடையாது. நாங்கள் ஒரு வளைவைத் தாண்டியதும் பின்னால் பெரிய மூட்டை சரிந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்த அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் வந்த பாதை மண்ணுக்கு அடியில் போய்விட்டது. இனி எங்களுக்குப் பின்னால் ஒரு வண்டியும் வராது.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே போவதை முதலில் பார்த்தது நான்தான். சொன்னேன்.

"அந்த முள்ளா? அதுவும் திருப்பினப்போ ஆயிருக்கும். எப்பவும் பொய்தான் சொல்லும்," என்றார் அண்ணன்.

அது அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. அருவித் தண்ணீர் சாலைமேல் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி இரண்டு முறை உதறி நின்றுவிட்டது.

ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது; திறந்தால் முகம் வெந்துவிடும். காத்திருந்தோம். மூடுபனி இறங்கி, பள்ளம் இருந்த பக்கம் வெறும் வெள்ளையாகிவிட்டது. மேலிருந்து ஒரு லாரி வந்தது. லாரிக்காரரிடம் மண் சரிந்ததைச் சொன்னோம். இந்தப் பாதையில் லாரியைத் திருப்பவும் முடியாது. அகலமான இடம் பார்த்து நிறுத்திக் காத்துக்கிடக்க வேண்டியதுதான் என்றார். உள்ளே எட்டி க்ரோவரைப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். தன்னிடம் இருந்த காலி டின்களைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆவி அடங்கியதும் அருவியிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றினோம். வண்டி கிளம்பியது. இரண்டு வளைவு போவதற்குள் முள் மறுபடி மேலே போய்விட்டது. மறுபடி நின்றோம். இந்த முறை அண்ணன் ரேடியேட்டர் முன்னால் குந்தி, அதை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். மேல் பாதியில் கை வைக்க முடியவில்லை. கீழ் பாதி ஆற்றுக் கல்போல ஜில்லென்று இருந்தது. அங்கே தண்ணீரே ஓடவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கம்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெனிதா, இதைத் திருப்பினவன் கட்டல," என்றார். "எனக்கு முன்னாடி வெச்சிருந்தவன் கட்டியிருக்கான். தெரிஞ்சே கட்டியிருக்கான். ரேடியேட்டர் பாதி செத்துப்போச்சு. எஞ்சின் சூட்டை வண்டிக்குள்ள விட்டு விட்டுத்தான் இது இத்தனை நாளா மேடு ஏறியிருக்கு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஹீட்டர் ஓடினால் வண்டி ஏறும். மூடினால் நிற்கும். நடுவில் வேறு வழி இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்திப் போகலாம், தண்ணீர்தான் வழியெல்லாம் விழுகிறதே என்றேன். அப்படிப் போனால் உச்சிக்குப் போகவே பொழுது சாய்ந்துவிடும் என்றார். நாங்கள் மெதுவாகத்தான் பேசினோம். கதவு திறந்திருந்தது.

"மச்சான்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கம்பி கையில இருக்கா?"

அண்ணன் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"இருந்தா கட்டு."

"தாங்க மாட்ட மாப்ள."

"இங்க படுத்துட்டு எதைத் தாங்கச் சொல்ற? கட்டு. நல்லாக் கொதிச்சே போறேன். வெந்த எறைச்சி கெட்டுப் போகாது."

அவன் சிரிக்க முயன்றான். வயிறு அசைந்ததும் முகம் கோணியது. என்னைப் பார்த்தான். நானும் சரியென்று தலையாட்டினேன். நான் பானெட்டைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் வால்வைத் திறந்து அதே கம்பியால் அதே இடத்தில் முறுக்கினார். பிடுங்கிய ஃப்யூஸையும் திரும்பப் போட்டார். விசிறி ஓடினால்தான் சூடு வேகமாக வெளியேறும்.

முள் இறங்கி நடுவில் நின்றது. வண்டி ஏறியது. நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டோம். மேலே மூடுபனியின் ஈரமும் காலடியில் உலைக்காற்றுமாக இருந்தது. அவன் முதலில் முனகினான். பிறகு முனகவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவின் பெயரையும் கேட்டான். இது எது, அடுத்தது எது. அந்தப் பாதை அவனுக்கு மனப்பாடம். நான் சொன்னதில் ஒன்று தப்பாக இருந்தபோது திருத்தினான். அண்ணன் அழுதுகொண்டே ஓட்டினார். அவருடைய பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அது குலுங்கிக்கொண்டிருந்தது.

உயரம் ஏற ஏறக் காற்றில் கூர்மை வந்தது. உந்துவாவி சோதனைச் சாவடியைத் தாண்டும்போது என் விரல்கள் மரத்துவிட்டன. க்ரோவருக்கு உடம்பு நடுங்கியது. ஜன்னலை ஏற்றச் சொன்னான். ஏற்றினோம்.

"இப்ப இந்தச் சூடு நல்லாருக்கு," என்றான். "எல் ஆல்டோக்காரங்க சும்மாவா ஏறுறாங்க?"

காலை முன்சீட்டுக்கு அடியில் சூடு வரும் பக்கம் நீட்டிக்கொண்டான். என் போர்வையை அவன்மேல் போட்டேன். கண்ணை மூடினான். நல்ல தூக்கம் என்று நினைத்தேன்.

உச்சியில் பனித்தூறல் விழுந்தது. எவ்வளவு அவசரமானாலும் அங்கே நிற்காமல், மலைக்கு ஒரு வாய் சாராயம் ஊற்றாமல் எந்த ஓட்டுநரும் கடப்பதில்லை. அண்ணன் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, சின்னப் புட்டி முழுவதையும் தரையில் ஊற்றினார். தனக்கென்று ஒரு சொட்டுகூட வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து ஜன்னல் வழியாகக் கேட்டார், எப்படி இருக்கான்? போர்வைக்குள் கைவிட்டு அவன் பாதத்தைத் தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது. தூங்கறான், எழுப்ப வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து லா பாஸ் வரை இறக்கம்தான். அந்த இறக்கம் முழுவதும் நான் அவனிடம் பேசிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் யார் துணைக்கு இருப்பது, தோட்டத்தை யார் பார்ப்பது, வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் என்ன சமைப்பது. நடுநடுவே பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சூடு இருந்தது. அது போதும் என்று இருந்தது.

அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்தவன் க்ரோவரின் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "உடம்பு சூடா இருக்கு, சீக்கிரம்," என்று உள்ளே கத்தினான். நாங்கள் கூடவே ஓடினோம். டாக்டர் இளம் பெண். கழுத்தில் கை வைத்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள். தாடையை அசைக்கப் பார்த்தாள், அது இறுகியிருந்தது. கடைசியாக எங்கே பேசினார் என்று கேட்டாள். உந்துவாவி என்றேன். அவள் அவன் பாதத்தைத் தொட்டுவிட்டு, புரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணன்தான் பதில் சொன்னார்.

"வண்டி ஹீட்டர், டாக்டர்."

அவன் எந்த வளைவில் போனான் என்பது எனக்குத் தெரியாது. உச்சிக்கு முன்னாலா, பின்னாலா என்பதும் தெரியாது.

அண்ணன் வண்டியை விற்கவில்லை. புது ரேடியேட்டர் போட்டார். ஹீட்டரை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு குழாய் முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டார். இப்போது எல் ஆல்டோவில் அந்த வண்டிக்கு 'ஐஸ்பெட்டி' என்று பெயர். வேறு வண்டி கிடைக்காதவர்கள்தான் ஏறுகிறார்கள். ஏறியவர்கள் திட்டுகிறார்கள். அவர் திரும்பிப் பதில் பேசுவதில்லை என்று அண்ணி சொன்னாள்.

இறந்தோர் திருநாளுக்கு அந்த வண்டியில்தான் கல்லறைக்குப் போனோம். க்ரோவருக்காகச் சுட்ட ரொட்டிக் கூடை என் மடியில் இருந்தது. சூடு இல்லாததால் முன்கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து வழி மறைந்தது. அண்ணன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் அதைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் நிறுத்தி, தன் போஞ்சோப் போர்வையைக் கழற்றிப் பின்னால் நீட்டினார்.

"காலுக்குப் போட்டுக்க."

எனக்குக் குளிரவில்லை என்று சொல்ல நினைத்தேன். வாங்கிக் காலைச் சுற்றிக்கொண்டேன். அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.