படகின் பின்பக்கத்தில் உருண்டது

லண்டன் சவுத்தால் கால்வாயில் யோகராஜா குடியிருந்த ஒடுங்கிய வீட்டுப்படகு ஆடும்போதெல்லாம் பின்பக்கத்தில் ஏதோ உருண்டு முட்டியது. புரொப்பெல்லரைத் துழாவினார், எஞ்சினைத் திறந்து பார்த்தார்; சனியன் பிடித்த சத்தம் நிற்கவில்லை. கடைசியில் காஸ் சிலிண்டரை வெளியே இழுத்தபோது, அதன் பின்னால் அம்மாவின் பெயர் ஒட்டிய அஸ்திச் சாடி மூடி கழற்றாமலே கிடந்தது.

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைப்பதாக அதை வாங்கிக்கொண்ட தம்பி கமலநாதன், ஊருக்குப் புறப்படுமுன் இந்தப் படகில்தான் தங்கினான். திரும்பி வந்து, கரைத்த கதை சொல்லி எல்லோரையும் அழவைத்தான். சொக்லேட் பெட்டிகளுக்கு மட்டும் சூட்கேசில் இடம் வைத்திருக்கிறான், நாய்!

சாடியை மடியில் வைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டார்.

"கீரிமலைக் கடல் நீ கரைச்ச அண்டைக்கு எப்பிடியடா இருந்தது?"

"அம்மாவை அப்பிடியே ஏந்தி வாங்கின மாதிரி இருந்தது, அண்ணை."