நீலப் பூனையும் நாலு ஆன்டெனாவும்

மூன்று மணிக்குள் அந்த எண் ஆயிரத்துக்குக் கீழே இறங்காவிட்டால், நான் அடித்தளத்துக்கு இறங்க வேண்டியதுதான். மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"வயர், பாத்துக்கோ. மூணு மணிக்குப் பெரிய ஆளுங்க வராங்க. நம்ம பெட்டி சொதப்பினா டீமையே கலைச்சிடுவாங்க. எனக்கும் கணக்குக்கும் வேற எங்கயாவது இடம் கிடைக்கும். உனக்கு..."

"கேபிள் ரூம்."

"அதான்."

வயர் நான்தான். ஏழு வருடம் கீழே கேபிள் முனை மாட்டிக்கொண்டிருந்தேன். நூலகப் புத்தகங்களை வைத்துத் தட்டுத்தடுமாறிப் படித்து, மேல்மாடிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. இங்கே ஜன்னல் இருக்கிறது. அதில் ஒரு மரம் தெரிகிறது. கீழே ஃப்யூஸ் பெட்டிதான் தெரியும். கணக்கு என்பவள் பக்கத்து மேசைக்காரி. பெரிய படிப்பு. கையில் பென்சில் இல்லாமல் கொட்டாவிகூட விடமாட்டாள்.

பெட்டியின் வேலை இதுதான். நாலு ஆன்டெனா ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசும். இந்தப் பக்கம் நாலும் ஒன்றாகக் கலந்து வந்து விழும். பெட்டி அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் பதினாறு குறிகளில் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும். யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாச் சேர்க்கையையும் போட்டுப் பார்த்தால் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரும். பார்த்து முடிப்பதற்குள் பேசியவர்கள் வீட்டுக்கே போய்விடுவார்கள். அதனால் என் நிரல் ஒரு ஆன்டெனாவுக்கு ஓர் ஊகம் வைக்கும், அதன்மேல் அடுத்ததற்கு ஒன்று, அப்படியே நாலும். வழியில் பிழை கூடிவிட்டால் அந்தக் கிளையையே வெட்டிவிடும். எவ்வளவு சீக்கிரம் வெட்டுகிறதோ அவ்வளவு மிச்சம். நாலில் எது தெளிவு, எது மங்கல் என்பது நொடிக்கு நொடி மாறும். மங்கலானதை முதலில் எடு என்று எழுதியிருந்தேன். அதற்குத்தானே கூடுதல் கவனம் வேண்டும்?

பார்த்த ஊகங்களின் எண்ணிக்கை திரையில் வரும். ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒன்பதாயிரத்து நானூறு.

"விடை சரியா வருதுல்ல?" என்றாள் கணக்கு.

"வருது. உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வருது."

"பிழை எவ்வளவு தாண்டினா வெட்டணும்னு வச்சிருக்கியே, அதைக் குறையேன்."

"குறைச்சேன். எல்லாக் கிளையையும் வெட்டிட்டு மொட்டையா நிக்குது. விடையே இல்ல."

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அக்கா வீடு. இங்கே மதியம், அங்கே சாயங்காலம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அத்தான், அக்கா, அம்மா, அக்கா மகள் குட்டி, நாலு பேரும் ஒரே மூச்சில் பேசுவார்கள். ஒருவர் முடித்து இன்னொருவர் என்ற பழக்கமே அந்த வீட்டில் கிடையாது.

வழக்கம்போல நான் குட்டியின் குரலைப் பிடிக்கப் பார்த்தேன். ஆறு வயது, தூரத்திலிருந்து கொசு மாதிரிக் கேட்டது. அழுகிறாளா? சிரிக்கிறாளா? பல் விழுந்ததா, பரீட்சையா, யாராவது அடித்தார்களா? ஒவ்வொன்றையும் வைத்து மற்றவர்கள் பேசுவதைப் பொருத்திப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

"கொஞ்சம் சும்மா இருங்களேன், குட்டி பேசட்டும்!"

யார் கேட்டார்கள்? எல்லோருக்கும் மேலே அத்தான் முழங்கினார்: "மாப்ள, நான் ஏணி மேல நிக்கறேன்!"

சரி. அத்தான் ஏணிமேல். அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்டேன். "இறங்குங்கன்னா இறங்குங்க, கையில பிரஷ் வேற," என்றது அக்கா. அப்போ பெயிண்ட். "டப்பாவை அப்பவே ஓரமா வைக்கச் சொன்னேன்," என்றது அம்மா. அப்போ டப்பா கவிழ்ந்தாயிற்று. இப்போது குட்டியின் குரல் மணி மாதிரித் தெளிவாகக் கேட்டது:

"மாமா! என் பூனை நீலமாயிடுச்சு!"

அழவில்லை. ஆனந்தத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்தாள்.

"குட்டி, நீ தெய்வம்டி!" என்று கத்திவிட்டுப் போனை மேசையிலேயே விட்டு ஓடினேன். பின்னால் அம்மா, "சாப்டியாடா?" என்றது படிக்கட்டு வரை கேட்டது.

"வரிசை! வரிசை தலைகீழா இருக்கு!"

கணக்கு என் நிரலைத் திறந்து உருட்டினாள். ஓரிடத்தில் நின்று என்னைப் பார்த்தாள்.

"என்னய்யா இது? இந்த வரிக்குப் பக்கத்துல 'பாவம், இது முதல்ல'ன்னு குறிப்பு எழுதி வச்சிருக்க?"

"மங்கலா இருக்கே, பாவம்னு..."

"ஆன்டெனாவுக்குப் பாவம் பாத்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். மங்கல்ல ஆரம்பிச்சா பதினாறு ஊகமும் ஒரே மாதிரிதான் தெரியும். எதை வெட்டுவ? தெளிவானதை முதல்ல எடுத்தா பதினஞ்சை அங்கயே தூக்கிப் போட்டுடலாம்."

"அத்தானை முதல்ல எடுக்கணும்!"

"யாரை?"

ஒரே ஒரு வரி. மாற்றி ஓட்டினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு.

கணக்கின் பென்சில் கீழே விழுந்தது. மறுபடி ஓட்டினோம். நூற்றெழுபது. ஆயிரம் தடவை ஓட்டினோம். மிக மோசமானதே அறுநூற்று நாற்பது. விடை ஒன்றுகூட மாறவில்லை. அவள் என் நாற்காலியைப் பிடித்துச் சுற்றிவிட்டாள். நான் மூன்று சுற்றுச் சுற்றி நின்றபோது எதிரே மேடம். அவருக்குப் பின்னால் பெரிய ஆளுங்க. பதினைந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

எனக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டிருந்தது. "அத்தான் ஏணியில..." என்று ஆரம்பித்துவிட்டேன். கணக்கு என் காலை மிதித்து, தானே விளக்கினாள். அவர்கள் எண்ணைப் பார்த்தார்கள், விடையைச் சரிபார்த்தார்கள், தலையசைத்தார்கள். போகும்போது மேடம் கதவருகே திரும்பினார்.

"வயர், கேபிள் ரூம் சாவி உன்கிட்ட இருக்குல்ல? கீழ குடுத்துடு. இனிமே உனக்கு எதுக்கு?"

போனை எடுக்க ஓடினேன். அழைப்பு இன்னும் வெட்டுப்படவே இல்லை. நாலு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். நான் இல்லாததை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

"அக்கா! நான் மேலயே இருக்கேன்! கீழ போகல!"

"ஏணியை விட்டு இறங்கியாச்சு மாப்ள!" என்றார் அத்தான். "மண்ணெண்ணெய் போட்டா போகுமா?" என்றது அம்மா. "பூனைக்கா? அய்யோ அம்மா!" என்றது அக்கா. நான் வாயை மூடிக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன்.

எல்லோரும் பூனையைப் பிடிக்க ஓடியபின் கொசுக்குரல் ஒன்று போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"மாமா, நீ மேலயே இருக்கியா? எனக்குக் கேட்டுச்சு. நம்ம பூனையும் மேலதான் இருக்கு. பீரோ மேல."