அடைக்காத சந்து

பெங்களூர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று கேட்கிற மகராசர்கள், மதலைமுத்துவின் நெஞ்சை இரவல் வாங்கிக்கொண்டு ஹெப்பகோடியில் ஒரு டிசம்பரைக் கழித்துப் பார்க்க வேண்டும். கோலார் தங்கவயலில், பூமிக்கடியில் பாறை குடைந்த காலத்தில் உள்ளே போன கல்தூசு இன்னும் அங்கேயே குடியிருந்தது. பனி இறங்கினால் போதும், மூச்சு விசில் அடிக்கும். அதனால் கார்த்திகை பிறந்ததுமே ஜன்னல் இடுக்குகளில் பழைய பேப்பரைத் திணித்துவிட்டு, குரங்குக் குல்லாவோடு கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் இந்த வருஷம் அவருக்குத் தன் குளிர் பெரிதாகப் படவில்லை. மகள் லீனா கனடாவில், வின்னிபெக் என்ற ஊரில், தலைப்பிள்ளை பெற்றிருந்தாள். அங்கே குளிர் மைனஸ் முப்பதாம். பச்சை உடம்புக்காரிக்குப் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய அம்மாவோ, ஆரோக்கியமேரி, கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மருமகன் ரயான் லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான்.

"ப்பா, நான் பொறந்தப்ப அம்மா இன்னாலாம் பண்ணாங்க? ஞாபகம் கீதா?" என்று லீனா கேட்ட அன்று மனுஷனுக்குக் கண் கலங்கிப்போனது. ஆம்பிளை எதைக் கண்டான்? ஆனாலும் தங்கவயலில் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீடு சின்னது. ஒரே அறையில் எல்லாம் கண்ணெதிரேதான் நடந்தது. காதில் பஞ்சு, பூண்டு போட்ட குழம்பு, பிள்ளைக்குச் சாம்பிராணி, கட்டிலுக்கடியில் குமுட்டி அடுப்பு நிறையக் கரி நெருப்பு. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துச் சொன்னார். தினமும் போனில் மகள் கேட்க, அப்பன் சொல்ல, செத்துப்போனவள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

சாம்பிராணி போட்ட அன்று வின்னிபெக் வீட்டுக் கூரையில் இருந்த, புகையோ விஷக்காற்றோ கண்டால் கத்துகிற அலாரம் ஊரைக் கூட்டியது. பிள்ளை வீரிட்டு அழுதது.

"அந்தச் சனியன கழட்டி வை முதல்ல!" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. அவளும் சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றி, டிராயருக்குள் போட்டாள்.

பிறகு அந்தக் காலை வந்தது. ஹெப்பகோடியில் எதிர்வீடு தெரியாத பனி. டீ கொதிக்கும்போதே போன் அடித்தது. அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி.

"ப்பா, பனிப்புயல். கரண்ட் போச்சு. ஹீட்டரும் நின்னுடுச்சு. ரயான ரோட்ட மூடி எங்கியோ நிறுத்தி வெச்சிருக்காங்க. வீடு ஐஸா ஆவுதுப்பா. பாப்பாவ நெனச்சா பயமா கீது."

"பக்கத்து வீட்டுல?"

"இந்தக் காத்துல பாப்பாவத் தூக்கிக்கினு எப்பிடிப் போறது?"

சரிதான். பச்சைப் பிள்ளைமேல் காத்து படவே கூடாது என்று நாள் தவறாமல் ஓதியவர் அவர்தானே. மதலைமுத்து யோசித்தார். யோசித்து, பெருமையாகவே சொன்னார்:

"ரயான் கறி சுடறதுக்குக் கரி வாங்கி வெச்சிருந்தானே, அது கீதா? தகர அடுப்ப உள்ள இழுத்துனு வந்து மூட்டும்மா. உங்கம்மா உன்ன அப்பிடித்தான் வளத்தா. கதவு இடுக்குல துணிய வை. நம்ம லைன் வீட்டுல சுவத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். குளிர் அதுலதான் வரும். அத அடச்சுத் தா, அடச்சுத் தான்னு உங்கம்மா என் உயிர எடுப்பா. உன் வூட்டுல அந்தக் கொறையும் இல்ல. கிண்ணுனு கீது."

லீனா கரியை மூட்டினாள். போனைச் சாய்த்துவைத்துக் காட்டினாள். சிவந்த கங்குகள், பக்கத்தில் சுருட்டிப் போர்த்திய பிள்ளை. புகைகூட இல்லை. வெளியில் எந்தக் குளிர் வேண்டுமானாலும் முட்டிக்கொள்ளட்டும் என்று இவருக்குத் தோன்றியது. டீயை ஆற அமரக் குடித்து, குளித்து, மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"வெதுவெதுன்னு கீதாம்மா?"

"ம்... தல வலிக்குதுப்பா. சுத்தியால அடிக்கிற மாதிரி. வாந்தி வரா மாதிரி கீது." பேச்சு குழறியது. "பாப்பா சமத்துப்பா. பாலுக்குக்கூட அழுவல. நானும் கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

கொஞ்சம் தூங்கிக்கிறேன். இந்தப் பேச்சை மதலைமுத்து முன்பே கேட்டிருக்கிறார். வெடி வைத்த சுரங்கத்தில் புகை கலைந்துவிட்டது என்று நம்பி முதலில் நுழைந்த கூட்டாளி ஆம்ப்ரோஸ், தலை வலிக்குதுடா என்று சுவரில் சாய்ந்து, கொஞ்சம் தூங்கிக்கிறேன்டா என்றான். அவனைப் பிணமாக மேலே தூக்கிவந்தவர்களில் இவரும் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத காற்று எப்படிக் கொல்லும் என்று பூமிக்கடியில் அத்தனை வருஷம் தெரிந்துவைத்திருந்த மனுஷனுக்கு, அதே காற்று பெண்டாட்டியின் குமுட்டியிலும் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அது சுரங்கத்துச் சங்கதி, இது வீட்டுச் சங்கதி என்று இருந்துவிட்டார்.

"லீனா! தூங்காத! கதவத் தொற! புள்ளயத் தூக்கிக்கினு வெளிய ஓடு!"

"வெளியவா? காத்து படக் கூடாதுன்னு நீதானேப்பா..."

"நான் சொன்னது தப்பும்மா! தப்பு! அந்தக் கரி உன்னக் கொன்னுடும். எழுந்திரு!"

"பாப்பா வெறச்சிடும்ப்பா..."

"வெறச்சா காப்பாத்திக்கலாம். எழுந்திரு கண்ணு, அப்பா சொல்றேன்ல!"

அதோடு அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கத்த வேண்டிய அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன நெஞ்சு அடைத்தது. வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. திரையில் லீனாவின் தலை மெல்லச் சாய்ந்தது. பிறகு போன் சரிந்து, கூரை மட்டும் தெரிந்தது.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு சஹானா ஓடிவந்தாள். "ஏனாய்த்து அங்கிள், என்னாச்சு?" அவர் போனைக் காட்டினார், அடுப்பைக் காட்டினார், கழுத்தை நெரித்துக் காட்டினார். சுவரில் எழுதியிருந்த ரயான் நம்பரைத் தட்டினார். கெட்டிக்காரப் பெண், பிடித்துக்கொண்டாள். தன் போனில் ரயானைக் கூப்பிட்டு, உடனே ஆம்புலன்ஸை அனுப்பு என்று இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அவர் கையிலிருந்த போனை வாங்கி, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"லீனா! பாகிலு தெகி! கதவு, லீனா! மகு, மகு! கொழந்த!"

கன்னடமும் தமிழுமாக அவள் கத்த, மதலைமுத்து தரையில் மண்டியிட்டு, சத்தமில்லாத வாயால் ஆண்டவரைக் கூப்பிட்டார். என்னை எடுத்துக்கோ, இந்த வீணாப்போன நெஞ்சோட என்னை எடுத்துக்கோ என்று பேரம் பேசினார். போனில் கூரை அசையாமல் இருந்தது.

பிறகு ஏதோ உருண்டது. தரையில் இழுபடுகிற சத்தம். தாழ்ப்பாள் சத்தம். அதன் பிறகு, ஹெப்பகோடி அறைக்குள் அந்தக் காற்று ஊளையிட்டது. எந்தக் காற்று பிள்ளைமேல் படவே கூடாது என்று அத்தனை நாள் தடுத்தாரோ, அதன் சத்தத்தை அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அது போதவில்லை. இன்னொரு சத்தம் வர வேண்டியிருந்தது.

வந்தது. பூனைக்குட்டி மாதிரி முதலில், பிறகு ஊரைக் கூட்டுகிற அழுகை. சஹானா முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து லீனா பேசினாள். தாய்க்கும் பிள்ளைக்கும் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். வாசலிலேயே விழுந்து கிடந்தவர்களைத் தீயணைப்புக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்களாம். அவள் கால்விரல்களைக் குளிர் கடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாராம். இனி அவள் தன்னிடம் எதையும் கேட்க மாட்டாள் என்று மதலைமுத்து நினைத்தார். அதுவே நியாயம் என்றும் நினைத்தார்.

ஆனால் அவள் கேட்டாள்.

"ப்பா, அம்மாவும் இதே கரிதானே மூட்டுனாங்க? எனக்கு மட்டும் எப்பிடிப்பா ஒண்ணும் ஆவல?"

ராத்திரி முழுக்க அவரும் இதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். பதிலும் தெரிந்துவிட்டது.

"அந்தச் சந்தும்மா," என்றார். "தகரத்துக்குக் கீழ இருந்துச்சே, கரிக்காத்து அது வழியாப் போயிருக்கு. ஒரு மூட்டை சிமெண்டு, ஒரு மணி நேர வேல. உங்கம்மா செத்துப்போற வரைக்கும் சோம்பேறின்னு திட்டுனா. இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே இருந்தேன்."

மூச்சு வாங்கியது. வாங்கி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"உனக்கு நான் ஒழுங்கா பண்ணது அது ஒண்ணுதாம்மா. பண்ணாம வுட்டது."