நூற்று இருபத்து நான்கு நாள்

வீட்டில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். மளிகைக் கடைச் சீட்டைக்கூட இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பவள் என்பதால் சின்ன வயதில் தங்கை வைத்த பெயர். நாற்பத்தெட்டு வயதிலும் அது உதிரவில்லை. தணிக்கை அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் உழைத்துவிட்டு, கண் ஒத்துழைக்காமல் வேலையை விட்டவள். இப்போது தன் சேமிப்பையும் தங்கையின் சேமிப்பையும் பங்குகளில் போட்டுப் பார்த்துக்கொள்வதே அவள் வேலை.

இரண்டு பேருடைய பணத்திலும் பெரும்பகுதி ஒரு மின்விசிறிக் கம்பெனியில் இருந்தது. தங்கையின் கணவர் அங்கேதான் கொள்முதல் பிரிவில் இருந்தார். அதனாலேயே சல்லடை ஆரம்பத்திலேயே ஒரு கோடு கிழித்திருந்தாள். "தம்பி, உங்க கம்பெனி விஷயம் எதையும் என் காதுல போடக் கூடாது. நீங்க சொல்லி நான் வாங்கினாலும் விற்றாலும் அது திருட்டு. அவங்க ஊருக்கே கொடுக்கிற கணக்கு எனக்குப் போதும்." அவரும் நான்கு வருடமாக அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

அந்தக் காலாண்டுக் கணக்கு வெளியானபோது எல்லோரும் கைதட்டினார்கள். லாபம் ஏறியிருந்தது. வங்கியில் இருந்த ரொக்கம் இரண்டு மடங்காகியிருந்தது. பங்கு விலை ஒரே நாளில் துள்ளியது. சல்லடைக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ இடறியது. விற்பனை பத்தில் ஒரு பங்குதானே கூடியிருக்கிறது, ரொக்கம் எப்படி இரட்டிப்பாகும்? உழக்குப் பால் கறந்த மாடு திடீரென்று குடம் குடமாய்க் கறந்தால், பாலைக் காய்ச்சுவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டாமா?

எட்டிப் பார்த்தாள். சரக்கு கொடுத்தவர்களுக்குக் கம்பெனி தரவேண்டிய பாக்கியை எடுத்து, ஒரு நாள் உற்பத்திச் செலவால் வகுத்தாள். பொருளை வாங்கிவிட்டு எத்தனை நாள் கழித்துப் பணம் கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாற்பத்தாறு நாள். பிறகு ஐம்பத்திரண்டு, எழுபத்தொன்று, தொண்ணூற்றெட்டு. இப்போது நூற்று இருபத்து நான்கு. கிடங்கில் சரக்கு அதிகம் குவிந்திருந்தால் பாக்கி ஏறியதில் நியாயம் உண்டு. சரக்கு அப்படியே இருந்தது. இதே தொழிலில் இருந்த மற்ற மூன்று கம்பெனிகளின் கணக்கையும் புரட்டினாள். எல்லாரும் ஐம்பது நாளைச் சுற்றித்தான். வங்கியில் இருக்கும் அந்தப் பணம் சம்பாதித்த பணம் இல்லை, கொடுக்காத பணம் என்பது அவளுக்குப் புரிந்தது. தலைவர் எழுதிய கடிதத்திலோ, 'எங்களுக்குப் பொருள் வழங்குவோரின் நல்லுறவுக்கு நன்றி' என்று ஒரு வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அதை இன்னொரு தடவை வாசித்தாள்.

எண் பொய் சொல்லாது. ஆனால் முழுக் கதையையும் சொல்லிவிடாது. யாராவது ஒரு சப்ளையரை நேரில் பார்க்க வேண்டும். தங்கை வீட்டு மாப்பிள்ளையைக் கேட்க முடியாது. பரண்மேல் அவள் வீட்டு மின்விசிறி வந்த அட்டைப்பெட்டி கிடந்தது. இறக்கிக் கவிழ்த்தாள். அடியில் வட்ட முத்திரைக்குள் பெட்டி செய்தவரின் முகவரி இருந்தது.

பட்டறை, தகரக் கூரை போட்ட நீளமான கூடம். பசை வாடை மூக்கைத் துளைத்தது. மூன்று இயந்திரங்களில் ஒன்றுதான் ஓடியது. மற்ற இரண்டின்மேலும் பழைய துணி போர்த்தியிருந்தது. பெட்டிக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"கம்பெனி ஆளா நீங்க?"

"இல்லைங்க. அந்தக் கம்பெனில கொஞ்சம் பங்கு வெச்சிருக்கேன். கணக்கைப் பார்த்தேன், மனசுக்குச் சரியாப் படலை. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு."

"பங்கு வெச்சிருந்தா நீங்களும் முதலாளிதானே?" அவர் சிரித்துவிட்டார். "நாலு மாசமா நான் அலையறேன். எனக்குப் பணம் தரவேண்டியவங்களே இன்னைக்குத் தேடி வந்துட்டாங்க! உட்காருங்கம்மா, உட்காருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

முன்பெல்லாம் நாற்பத்தைந்தாம் நாள் பணம் கணக்காக வந்துவிடுமாம். பதினொரு பேர் வேலை செய்த இடத்தில் இப்போது ஐந்து பேர். சரக்கு ஏற்ற வைத்திருந்த வண்டியையும் விற்றுவிட்டாராம்.

"கேட்டா என்ன சொல்றாங்க?"

"கொள்முதல்ல ஒரு தம்பி இருக்கார், போன்லதான் பேசுவார். தங்கமான மனுஷன். 'அண்ணே, அடுத்த வாரம் பார்த்துடலாம்'பார். பாவம், அதைச் சொல்லும்போது அவர் குரலே உள்ளே போயிடும்."

யாரைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பெட்டி கொடுக்கறதை நிறுத்திடலாமே?"

"நிறுத்தினா பழைய பாக்கி போச்சு. நிறுத்தலைன்னா புதுப் பாக்கி சேருது. புலி வாலைப் பிடிச்சவன் கதைதான்." பென்சிலை எடுத்து மேசையில் தட்டினார். "நீங்க விவரம் தெரிஞ்சவங்க. ஒண்ணு சொல்லுங்க. கம்பெனி நிக்குமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள். பிறகு மனசு கேட்காமல், "ஆனா உங்க இடத்துல நான் இருந்தா, இனிமே கையில காசு வாங்காம ஒரு பெட்டியும் ஏத்த மாட்டேன்," என்றாள்.

மறுநாள் காலை சந்தை திறந்ததும் தன் பங்குகளை எல்லாம் விற்றாள். ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு வருடத்தில் அதைவிட நல்ல விலை வந்ததே கிடையாது. யாரோ ஆசையாய் வாங்கிக்கொண்டார்கள்.

தங்கையின் பங்கைத் தங்கை சொல்லாமல் விற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனாள். சாப்பிடும்போதே விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நான் சோறு திங்கிற இடம்க்கா அது. என் வீட்டு ஆளே வித்துட்டுப் போனா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நாலு பேரைப் பத்தி இல்லை தம்பி. கணக்கு சொல்லுது."

"கணக்கு! உங்களுக்கு என்னக்கா தெரியும்? உள்ளே என்ன நடக்குதுன்னு நான்..."

"வேண்டாம். சொல்லாதீங்க. சொல்லிட்டா அப்புறம் இவளும் விக்க முடியாது."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை குரலைத் தாழ்த்தி, "என்னோடது இருக்கட்டும்க்கா. வித்துட்டு இவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றாள்.

"பணம் உன்னோடதுடி."

"புருஷன் யாரோடதாம்?" என்றாள் தங்கை. சிரிக்க முயன்றாள், வரவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் விலை ஏறியது. "என்ன சல்லடை, ஓட்டை பெருசாயிடுச்சா?" என்று தங்கை தொலைபேசியில் கேலி செய்தாள். கேலியில் ஒரு நிம்மதியும் இருந்தது. தான் தப்பாகவே இருந்துவிடக் கூடாதா என்று சல்லடைக்கும் தோன்றாமல் இல்லை. அந்த நாட்களில்தான் பெட்டிக்காரரும் கூப்பிட்டார். முன்பணம் கேட்டாராம், கம்பெனி வேறு ஆளிடம் போய்விட்டதாம். "உங்க பேச்சைக் கேட்டேன்மா. இருந்த ஒரு ஆர்டரும் போச்சு," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் திட்டாமல் வைத்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் செம்புக் கம்பி கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் பின்னால் இன்னும் ஏழு பேர் போனார்கள். விலை தினமும் சரிந்தது. விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆளில்லை. கடைசியில் பங்கு வியாபாரத்தையே நிறுத்திவைத்தார்கள். தங்கையின் பணம் வெறும் காகிதமாயிற்று. மாப்பிள்ளைக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனது. சல்லடை போய்ப் பார்த்தபோது தங்கை குறை எதுவும் சொல்லவில்லை. "நீ தப்பிச்சியே, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றாள். அந்த ஒரு வார்த்தை சல்லடையைப் பல நாள் தூங்கவிடவில்லை.

ஒரு நாள் முற்பகலில் மாப்பிள்ளை அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். கையில் நான்காக மடித்த தாள்.

"நாற்பத்து மூணு பேர்க்கா. எல்லாம் சின்னச் சின்ன ஆளுங்க. நீதிமன்றம் ஒரு அதிகாரியைப் போட்டிருக்கு. முப்பது நாளைக்குள்ள பாக்கிக்கு மனு கொடுக்கணுமாம். இவங்கள்ல பாதிப் பேருக்கு அதை நிரப்பத் தெரியாது." தாளை நீட்டினார். "எந்தப் பில் எப்போ வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். எப்படி எழுதணும்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டு வருஷமா இவங்க எல்லாருக்கும் பொய் சொன்ன வாய்க்கா இது."

"அன்னைக்குச் சாப்பிடும்போது நான் உங்களைப் பேச விட்டிருக்கணும்," என்றாள் அவள்.

"விட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் அவர்.

அன்றே கிளம்பினார்கள். மூன்றாவது முகவரி பெட்டிக்காரருடையது. இப்போது ஒரு இயந்திரமும் ஓடவில்லை. மாப்பிள்ளை பேச ஆரம்பித்ததும் பெட்டிக்காரர் குரலை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதானா தம்பி? முகம் இன்னைக்குத்தான் பார்க்கறேன்," என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். பில்களைத் தேதிவாரியாக அடுக்கினார்கள். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எவ்வளவு திரும்பி வரும், எப்போது வரும் என்று பெட்டிக்காரர் கேட்டார். ரூபாய்க்குப் பத்துக் காசு வந்தாலே பெரிது என்று அவள் உள்ளதைச் சொன்னாள்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "உங்க பங்கு என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

"வித்துட்டேன்."

"எப்போ?"

"உங்களைப் பார்த்துட்டுப் போன மறுநாள்."

மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. பில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நிக்குமான்னு கேட்டேன். தெரியாதுன்னீங்க."

"தெரியலைதாங்க. சந்தேகம் மட்டும் இருந்துச்சு."

"சந்தேகம் எனக்கும்தான் இருந்துச்சு," என்றார் பெட்டிக்காரர். குரலில் கோபம் இல்லை. "உங்க சந்தேகத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தாங்க. என்னோடதை யார்மா வாங்குவா?"

அவள் மடியில் கிடந்த மனுவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார் அவர்.

இடத்தைக் காட்டினாள். அவர் மூன்று பக்கத்திலும் நிதானமாகப் போட்டார். மாப்பிள்ளை பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். இன்னும் நாற்பது பேர் பாக்கி. வெளியே வெயிலில் கண் கூசியது. இருவரும் அடுத்த முகவரியைத் தேடி நடந்தார்கள்.