வண்டியில பழைய கனம் இல்ல

எங்கள் கேமின் ரசிகர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், குளித்துவிட்டு வருவார்கள் என்று சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். பன்னிரண்டு பேரை ஒரு அறையில் உட்கார வைத்து "புதுப் பாகம் எப்படி இருக்கு?" என்று கேட்பதும், தேன்கூட்டுக்குள் கையை விட்டுவிட்டு "கொட்டுதா?" என்று கேட்பதும் ஒன்றுதான்.

கேம் ரொம்ப எளிது. ஒரு தள்ளுவண்டி, அது நிறையச் சரக்கு, ஒரு மலைச்சரிவு. சரக்கு சிந்தாமல் அடிவாரம் சேர வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதுவரை இரண்டு பாகம் வந்து, லட்சக்கணக்கானவர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஆடினார்கள். இரண்டு பாகமும் அதே முதல் சரிவில்தான் தொடங்கும். சாயம் மட்டும் புதிதாக அடிப்போம். மற்றபடி அந்தச் சரிவில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

நான் கைவைத்தேன்.

ஏன் என்றால், இரண்டு பாகத்திலும் ஒரு அசிங்கம் இருந்தது. வண்டி காலியாக இருந்தாலும் சரி, பத்து மூட்டை ஏற்றினாலும் சரி, ஒரே மாதிரி ஓடும். ஒன்பது வருஷமாகப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்த நான், மாதம் தவறாமல் இதை எழுதிக் கொடுத்தேன். எங்கள் மேலாளர் மாதம் தவறாமல் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். அலுவலகம் முழுக்க அவருக்கு அடுத்தவாரம் என்றே பெயர், முதுகுக்குப் பின்னால்தான். மூன்றாம் பாகம் தொடங்கும்போது என் தொல்லை தாங்காமல், "நீயே பண்ணித் தொலைம்மா" என்று விட்டுவிட்டார். இப்படித்தான் பிழை பிடிக்கிற வேலையிலிருந்து பிழை விடுகிற வேலைக்கு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பதினான்கு மாதம் உழைத்தேன். சந்தையில் ஒரு நிஜத் தள்ளுவண்டியைக் கெஞ்சி வாங்கி, அலுவலகத்தின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கே மேலிருந்து கீழே வரும் பாதை, கேமின் முதல் சரிவு மாதிரியே, மூன்று திருப்பத்தோடு சரிந்து இறங்கும். சரக்குக்கு என் வீட்டுக்காரர். குழாய் வேலை செய்பவர், எழுபத்தெட்டு கிலோ. அவரை முன்பக்கம் உட்கார வைத்தால் கைப்பிடி மேலே தூக்கும், பின்பக்கம் உட்கார வைத்தால் கையைக் கீழே அழுத்தும், நடுவில் உட்கார வைத்தால் வாய் ஓயாமல் பேசுவார். வண்டி எங்கே இழுக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக்கொண்டேன். மூன்றாவது திருப்பத்தில் வண்டியோடு போய்ச் சுவரில் மோதினார். மறுபடி தள்ளினேன், மறுபடி மோதினார்.

"எல்லாப் பொண்டாட்டியும் புருஷனைப் பேச்சுலதான் சுவத்துல முட்ட வைப்பாங்க," என்றார் முட்டியைத் தேய்த்தபடி. "இனிமே உன் வண்டியில நான் ஏறினா என்னைச் செருப்பால அடி."

அந்த ஒரு திருப்பத்தை மட்டும் குத்துமதிப்பாகப் போட்டு ஒப்பேற்றினேன். மற்ற எல்லாம் சுத்தம். வண்டிக்கு உயிர் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று கூசாமல் சொல்வேன்.

ரசிகர்களை வைத்துச் சோதனை செய்யும் நாள் வந்தது. முதல் சரிவை மட்டும் ஆடவிட்டு, படிவம் எழுதி வாங்குவது வழக்கம். அவர்கள் சரி என்றால் என் வண்டி மூன்றாம் பாகத்தில் ஓடும். இல்லை என்றால் பதினான்கு மாதமும் குப்பைக்கூடைக்குப் போகும்.

பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் நான்தான் கேமை ஏற்றினேன். அடுத்தவாரம் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "இப்பவே, இப்பவே, வந்துட்டாங்க!" என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்பட்டார்.

ரசிகர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் உண்டு. நாங்கள் தாடி என்போம். முழங்கையில் வண்டிச்சக்கரம் பச்சை குத்தியிருப்பார். இரண்டு நிமிஷம் ஆடினார். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, சாவு வீட்டில் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசினார்.

"வண்டியைக் கொன்னுட்டீங்க."

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"பழைய கனம் இல்ல. தக்கை மாதிரி மெதக்குது. பழைய வண்டியில ஒவ்வொரு மூட்டையும் கையில தெரியும். எதுக்குங்க நல்லா ஓடுறதைப் போய் நோண்டுறீங்க?"

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். பதினோரு படிவத்திலும் அதே பாட்டு. கனம் போச்சு, உயிர் போச்சு, பழையதைத் திருப்பிக் கொடுங்கள். ஒருவர் தன் பிள்ளைப்பருவத்தையே நான் திருடிவிட்டதாக எழுதியிருந்தார். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். வெட்கமே இல்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

பன்னிரண்டாவது படிவத்தை அங்கேதான் படித்தேன். ஒரு தையல்காரம்மா எழுதியது. கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. படிவத்தில் குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது:

"சாயம் புதுசு. வண்டி போன பாகத்து வண்டியேதான். மேல்துணியை மாத்திட்டு உள்தையலை அப்படியே விட்டிருக்கீங்க. எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு தெரியல. டீ நல்லா இருந்தது."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஓவியர்கள் புதுச் சாயத்தைப் பழைய வண்டியின் மேல்தான் அடித்துப் பார்ப்பார்கள். என் வண்டி முடிகிறவரை அவர்கள் சும்மா இருக்க முடியாது, இல்லையா? அவர்களுடைய அந்தப் பிரதி இருந்த பென்டிரைவும் என் மேஜையில்தான் கிடந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் அவசரத்தில் நான் ஏற்றியது அதைத்தான். புது மொந்தையில் பழைய கள்! அதைக் குடித்துவிட்டுத்தான் பதினோரு பேர், பழைய கள்ளின் ருசி இதில் இல்லை என்று ஒப்பாரி வைத்திருக்கிறார்கள்.

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் இதே மாதிரி தப்பான பிரதியை வெளியே அனுப்பிய ஒருவரை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பூந்தொட்டி இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது, நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். தையல்காரம்மாவின் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தேன்.

அடுத்தவாரம் பதினோரு படிவத்தையும் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "மன்னிச்சுக்கம்மா. உன் வண்டியைக் கழட்டிடு. பழைய வண்டியையே போடு. வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

கேட்டீர்களா இந்தக் கூத்தை? எந்த வண்டியைத் திட்டித் தீர்த்தார்களோ, அந்த வண்டியையே அவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கப் போகிறோம். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் என் வண்டி போகும்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் வேலைக்காரர் வீட்டுக் குழாய் சொட்டாமல் வேறு யார் வீட்டுக் குழாய் சொட்டும்? முழுக்கக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போன மாசம் நான் வீடு மாறிப் போய்க் கதவைத் தட்டிட்டேன். கசிவு பாக்க வந்திருக்கேன்னேன். அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? வாங்க வாங்க, எத்தனை நாளா சொல்லிட்டிருக்கோம், இப்பத்தான் வர்றீங்களான்னு ஒரே சண்டை. ஒரு மணி நேரம் தேடினேன். அந்த வீட்டுல கசிவே இல்ல. ஆனா அந்தம்மா காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"எதையோ ரெண்டு திருகு திருகிட்டு, சரியாயிடுச்சுன்னேன். மனுஷி முகத்தைப் பாக்கணுமே, அப்படி ஒரு நிம்மதி."

"நான் இங்க வேலை போயிடுமோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க கதை சொல்றீங்க."

"போனா போகட்டும். அந்த வண்டிக்காக ரெண்டு தடவை முட்டி பேந்தது யாருக்கு? எனக்கு. கழட்ட விடாத," என்றார். சிரிப்பு போயிருந்தது. நிஜமாகவே சொன்னார்.

மறுநாள் காலை அடுத்தவாரத்தின் மேஜையில் அந்தப் படிவத்தை விரித்து வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குத் தெரியாது, மறைத்துப் பார்த்து ஒரு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். நடந்ததைச் சொன்னேன். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஓவியர் பிரதி, பைக்குள் திணித்தது எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"அப்ப உன் வண்டியை ஒருத்தரும் ஆடவே இல்லையா?"

"இல்ல சார்."

"ஆடாமலே இந்தத் திட்டா?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடு. உங்க பேச்சைக் கேட்டு மாத்திட்டோம்னு சொல்லு. உன் வண்டியைப் போடு."

"பொய் இல்லையா சார் அது?"

"முதல்ல ஆடினதுக்கும் இப்ப ஆடப்போறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப மாத்தியிருக்கோம்ல? என்ன பொய்?"

என் வேலை போகவில்லை. அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, ஆனால் அவர் கண்ணாடி கையில் இருந்தது.

புதன்கிழமை பன்னிரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் மூன்று முறை பார்த்தேன். தாடி கன்ட்ரோலரை எடுத்தார். முதல் மூட்டை ஏறியதும் அவர் தோள் இறங்கியது. பத்தாவது மூட்டையில் நாக்கைக் கடித்துக்கொண்டு, நாற்காலியோடு சாய்ந்தார். அடிவாரம் சேர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான். இதுதாங்க என் வண்டி. சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரிஞ்ச கனம் இதுதான்."

அவருக்குத் தெரிந்த அந்தக் கனம் என் வீட்டுக்காரரின் கனம். சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

போகும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "யாரோ ஒரு அதிமேதாவி நடுவுல புகுந்து கெடுத்து வச்சிருந்தாங்க போல. அந்த ஆளைத் தூக்கிட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க. இங்கதான் இருக்காங்க."

"ஒரு கண்ணு வச்சுக்குங்க," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பதினோரு படிவமும் பழைய கனம் திரும்பிவிட்டது என்று கொண்டாடின. அடுத்தவாரம் அன்றைக்கே விளம்பரத்துக்கு வாசகம் எழுதிவிட்டார்: எதுவும் மாறவில்லை. கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் காட்டினார். என் பெயர் பழைய இடத்தில், பிழை சோதனை என்பதற்குக் கீழே இருந்தது. வண்டி வடிவமைப்பு என்று ஒரு வரியே இல்லை.

"எதையும் மாத்தலன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டு, மாத்தினவ பேரை எப்படிம்மா போடுறது?" என்றார். பாவம், நிஜமாகவே சங்கடப்பட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதினான்கு மாதம் பெற்று வளர்த்த பிள்ளையை, இது எப்போதும் இங்கேதான் இருந்தது என்று ஊரே எடுத்துக் கொஞ்சுகிறது. பெற்றவளை யாரும் கேட்கவில்லை. திட்டினார்கள், அது என் வண்டி இல்லை. கொண்டாடினார்கள், அதுவும் யாருடையதோ. மேஜைக்கு வந்து, எல்லோரும் நாசமாய்ப் போங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே பன்னிரண்டாவது படிவத்தைப் பிரித்தேன். அதே குண்டு எழுத்து.

"இப்பத்தான் இது புது வண்டி. சரக்கு முன்னால இருந்தா கைப்பிடி தூக்குது, பின்னால இருந்தா அழுத்துது. தள்ளிப் பாத்தவங்கதான் இதைப் பண்ண முடியும். ஆனா மூணாவது திருப்பத்துல ஒரு நொடி கனம் காணாமப் போகுது. அங்க மட்டும் யாரோ அவசரத்துல ஒட்டுப் போட்டிருக்கீங்க, பிசிறு தெரியுது. பிரிச்சுத் தைங்க. டீ ஆறிப்போச்சு."

நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் முகம் சூடாகிச் சிரிப்பு வந்தது. நான் செய்த தப்பை, நான் செய்ததாகவே, சரியான இடத்தில் கைவைத்து ஒரு மனுஷி திட்டியிருக்கிறாள். பத்து விருது கொடுத்திருந்தாலும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். படிவத்தை மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, நாளைக்குக் காலையில வேலை இருக்கா?"

"எதுக்குக் கேக்கற?"

"மூணாவது திருப்பம் சரியில்லையாம்."

எதிர்முனையில் அவர் ஏதோ குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது.

"அந்தச் சுவரா?"

"அதே சுவருதான்."

"செருப்பைக் கொண்டு வா," என்றார். "ஏறதுக்கு முன்னாடியே அடிச்சிடு."